புல் முளைத்த குளத்தின் வெளிச்சம்

மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், செம்பனை ஆலையின் கழிவுக் குளங்களைப் பார்த்துக்கொள்வது பல வருடம் என் வேலையாக இருந்தது. பழத்தை வேகவைத்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தண்ணீர், வரிசையாக வெட்டிய குளங்களுக்குப் போகும். ஒன்றில் அழுகி, அடுத்ததில் தெளிந்து, கடைசியில் ஓடைக்குப் போய்ச் சேரும். நான் வரப்பின் மேல் நடந்து குழாய் அடைப்புகளை எடுப்பேன். போத்தலில் தண்ணீர் மொண்டு பரிசோதனைக்குக் கொடுப்பேன். அந்த நாற்றம் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. என் மனைவிக்குக் கடைசிவரை பழகவில்லை. "சட்டைய வெளியவே கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்பதுதான் தினமும் எனக்கு வீட்டில் கிடைத்த வரவேற்பு.

ஆலைக்குப் பின்னால் இருந்த முதல் குளத்தின் மேல் இருட்டில் கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சமாகத் திரிகிறது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. விசாரித்துப் போனால் பேச்சின் ஊற்றுக்கண் ஒரே ஒருவர்தான். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிற அக்கா அவர். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். கழுத்தில் ஜெபமாலை, வாயைத் திறந்தால் பிசாசு. இவரால்தான் என் மகள் இன்று உயிரோடு இருக்கிறாள். அது தெரியாத காலத்தில் இவரை நான் செய்த கேலிக்கு அளவே இல்லை.

கேலி செய்ய அவரே வழி வைத்திருந்தார். ஒரு மாதம் அந்த வெளிச்சம் பிரசவத்தில் செத்துப்போன பெண்ணாக இருக்கும். அடுத்த மாதம் ஜப்பான்காரன் காலத்தில் தலை போன ஆணாக மாறிவிடும். "ரெண்டு பேருக்கும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிருங்கக்கா, நல்ல ஜோடி" என்பேன். அவர் கோபிக்க மாட்டார். சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"மாமா சிரிப்பாரு. அவருக்கு என்னா? அது பெரியவங்கள ஒன்னும் செய்யாது. சின்னப் புள்ளைங்க வரப்பத் தாண்டி ஒரு கால் வச்சா போதும், வாயத் தொறந்து நெருப்பக் கக்கி, அப்படியே உள்ள இழுத்துக்கும்."

பிள்ளைகள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள். பந்து அந்தப் பக்கம் உருண்டால்கூட எடுக்கப் போக மாட்டார்கள். தோட்டத்தில் மூடநம்பிக்கை எப்படி வளர்கிறது பார் என்று நான் மனைவியிடம் அலுத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆலைக்குப் புதிதாக ஒரு சீன எஞ்சினியர் வந்தார். சின்ன வயது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் நல்ல குணம். ஒருநாள் பேச்சுவாக்கில் பிசாசைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது கேஸ் லா அங்கிள். மீத்தேன். குளத்துல அழுகுற சக்கையிலேருந்து வருது, எரியும்" என்றார். அவ்வளவுதான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். எனக்கு வந்தது ஒரே ஒரு சொல். அதைப் பட்டப்பகலிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டுக் கடையில் மீத்தேன், முடிவெட்டும் இடத்தில் மீத்தேன்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று பிள்ளைகளையெல்லாம் கூட்டி வைத்து ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டேன். பிசாசு கிடையாது, அது வெறும் வாயு, அடுப்பில் எரிகிற கேஸுக்கு அண்ணன் தம்பி, பயப்பட ஒன்றுமே இல்லை என்றேன். என் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து வயது. அப்பா இவ்வளவு தெரிந்தவரா என்று அவள் முகத்தில் தெரிந்த பெருமை இருக்கிறதே, அதற்காக இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பேசியிருப்பேன்.

அக்காவும் கூழ் குடிக்க வந்திருந்தார். கூழுக்கு அவர் சாமி பேதம் பார்ப்பதில்லை. கடைசிவரை நின்று கேட்டார்.

"தம்பி, தெரிஞ்சத எல்லாம் சொல்லித்தான் ஆவணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாதிக் கூழோடு போய்விட்டார். தோற்றுப்போனவர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மகள் அந்த வாயுவைப் பிடிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். போத்தலில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்து, குமிழி வருகிற இடத்தில் பிடித்தால் வாயு உள்ளே ஏறும், தண்ணீர் இறங்கும் என்று வாளியில் செய்து காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அது பழம் அதிகமாக வருகிற மாதம். ஞாயிறும் ஆலை ஓடியது, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். பிள்ளைகள் இப்படிச் சட்டென்று சரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவளுக்கு வாயுவைப் பற்றிச் சொன்னேன், குமிழியைப் பற்றிச் சொன்னேன். புல்லைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த முதல் குளத்தில் தண்ணீரே தெரியாது. சக்கை மேலே மிதந்து, வெயிலில் காய்ந்து, பால்மேல் ஆடை போலப் படிந்திருக்கும். அதன்மேல் விதை விழுந்து புல் முளைத்து, பச்சைப் பசேலென்று பந்து விளையாடும் திடல் மாதிரி கிடக்கும். கீழே மூன்று ஆள் ஆழத்துக்குக் கூழாக இருக்கும் சேறு. அங்கே வேலை செய்கிற எங்களுக்கு இது தெரியும். வரப்பை விட்டு இறங்க மாட்டோம். நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதாலேயே எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம், கடைசிக் குளத்தில் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது. உதவிக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை, அதட்டுகிற குரல்.

"ஆடாத! வயிறு படியப் படுத்துக்க பாப்பா! கால ஒதைக்காத!"

பாப்பா என்று அவர் தோட்டத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளையும்தான் கூப்பிடுவார். எனக்கு எப்படித் தெரிந்ததோ, ஓடினேன்.

என் மகள் மார்பு வரை அந்தப் புல்லுக்குள் இருந்தாள். வரப்பிலிருந்து பத்தடி தூரம். அக்கா இரண்டு செம்பனை மட்டைகளை வெட்டி, அந்தச் சக்கை ஆடையின்மேல் அடுத்தடுத்துப் போட்டு, அவற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் இறங்கப் போனேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"நீ எறங்காத! ஒன் கனத்துக்கு மூனு பேரும் போயிருவோம். என் காலப் பிடிச்சி இழு!"

வரப்பில் படுத்து அவருடைய கணுக்கால்களைப் பிடித்து இழுத்தேன். மட்டைகள் நகர்ந்தன. செம்பனை மட்டையின் அடிப்பக்கம் ரம்பம் போல முள். அக்காவின் இரண்டு கைகளும் அந்த முள்ளின்மேல் உரசிக்கொண்டே வந்தன. ஒரு முறைகூட முனகவில்லை, பிடியையும் விடவில்லை. அவர் வந்தார், அவர் பிடித்திருந்த கையோடு என் மகளும் வந்தாள்.

மகள் இருமினாள், துப்பினாள், சேறு வழிய என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பயப்பட ஒன்னும் இல்லன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். என் சட்டையைக் கழற்றி அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தேன்.

அன்று மகளைக் குளிப்பாட்டி, டாக்டரிடம் காட்டித் தூங்க வைத்த பிறகு, நானும் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போனோம். சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து மனைவி ஊசியால் அவர் கையிலிருந்து முள் எடுத்தாள். எடுத்துக்கொண்டே அழுதாள். அக்கா அவளுக்கு ஆறுதல் சொன்னார். அப்போதுதான் அவர் தன் மாட்டைப் பற்றிச் சொன்னார். நான் அங்கே வேலைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது.

"பச்சையா கெடக்கேன்னு மேய எறங்கிருச்சி. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். கயித்த வீசுனோம், இழுத்தோம், ஒன்னும் ஆவல. கத்தக்கூட இல்ல தம்பி. என்னையே பாத்துச்சி, போயிருச்சி. அப்புறம் கம்பெனியில 'அவாஸ்'னு ஒரு போர்டு நட்டாங்க, ஜாக்கிரதைன்னு. படிக்கத் தெரியாத புள்ளைக்கு போர்டு எதுக்கு? அந்த போர்டும் ஒரு மழையில சாஞ்சி உள்ள போயிருச்சி. அதான் பிசாச நட்டு வச்சேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் புத்தி எங்கே போகும், வாயில் வந்தது வேறு.

"அப்ப அந்த வெளிச்சம், எல்லாம் நீங்க கட்டுன கதைதானாக்கா?"

அக்கா நிமிர்ந்தார். "வெளிச்சம் நெசம் தம்பி. நான் பாத்திருக்கேன், நாலஞ்சி தடவ. மழ பேஞ்ச மறுநாள், விடியறதுக்கு முன்ன, கோழிக்குத் தீனி வைக்க எந்திரிச்சி வருவேன்ல, அப்ப. நீலமா, உள்ளங்கை அளவுதான் இருக்கும். புல்லு மேல நிக்கும். சத்தமே இருக்காது. கொஞ்சம் நவுந்து போயி இல்லாமப் போயிரும்." யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தணித்துக்கொண்டார். "அவ்ளோ அழகு. மாதா கோயில்லகூட அப்படி ஒன்ன நான் பாத்ததில்ல. அழகுன்னு சொன்னா புள்ளைங்க பாக்கப் போயிரும்ல? அதான் வாயில நெருப்புன்னு சொல்லிட்டேன்."

நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. தினமும் அந்த வரப்பில் நடந்தவன், ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவன், ஒரு தடவைகூடக் கண்ணால் கண்டதில்லை. பிறகு ஒருநாள் எஞ்சினியரிடம், தீக்குச்சி கிழிக்காமல் அந்த வாயு எப்படித் தானாகப் பற்றிக்கொள்கிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். வேறு ஏதோ வாயு கலந்திருக்கும் என்கிறார்கள், எரியாமலே ஒளிர்கிறது என்றும் சொல்கிறார்கள், எனக்குச் சரியாகத் தெரியாது அங்கிள் என்றார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. தெரியாது என்ற சொல்லை நான் அவரிடம் முதலிலேயே கற்றிருக்கலாம்.

அப்படி ஒரு வெளிச்சம் உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். அக்கா பார்த்திருக்கிறார், எனக்கு அது போதும். வாழ்நாளில் தான் கண்டதிலேயே அழகான ஒன்றை, ஊரார் பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று, பயங்கரமானது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். அதற்கு என்னைப் போன்றவர்களின் கேலியையும் வாங்கிக்கொண்டார். எனக்கு இந்த உலகத்தில் யாரிடமாவது தீராத நன்றி என்றால் அது அவரிடம்தான். பெற்றவர்கள்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

குளத்தைச் சில வருடங்களுக்கு முன் கறுப்பு விரிப்புப் போட்டு மூடிவிட்டார்கள். அந்த வாயுவைக் குழாயில் பிடித்து ஆலைக்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அக்கா இப்போது தம்பினில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தவறாமல் போவோம். நீலாய் ஊரில் தங்கிப் படிக்கும் மகளும் அதற்கு வந்துவிடுவாள். போன தடவை, இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"எழுது. ஆனா அழகுன்னு மட்டும் எழுதாத. புள்ளைங்க படிக்கும்."

"கொளத்ததான் மூடிட்டாங்களேக்கா."

"ஒன் கொளத்த மூடிட்டாங்க. மத்த தோட்டத்துல தொறந்து கெடக்குல்ல?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் குறுக்கே பேசினாள்.

"அழகுன்னே எழுதட்டும் பெரியம்மா. புல்லப் பத்தியும் சேத்து எழுதட்டும். எனக்கு ரெண்டையும் சொல்லியிருந்தா நான் வரப்புல நின்னே பாத்திருப்பேன்."

அக்கா தழும்பு ஓடிய கையால் அவள் தட்டில் இன்னொரு கேக் துண்டை எடுத்து வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அப்ப சரி தம்பி. புல்ல மொதல்ல எழுது."