பிரிக்காத பந்து டப்பா

புஸ்ஸ்...

டென்னிஸ் பந்து டப்பாவின் மூடியை இழுக்கும்போது, உள்ளே அடைத்த காற்று வெளியே வரும் சத்தம். கூடவே ரப்பரும் பசையும் கலந்த ஒரு வாசனை. ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் பிடித்த சத்தம்தான். எனக்குத்தான் இன்றும் ஆகாது.

நான் ஐந்து வருடம் ஊர் ஊராகப் போய் புரொஃபஷனல் டோர்னமென்ட் ஆடியவள் என்று சொன்னால், இப்போது என்னுடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நம்பினால் நம்பட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். வெளிநாட்டு மேனேஜர்கள் தங்கிய கெஸ்ட் ஹவுஸில் ஒரு சிமென்ட் கோர்ட் இருந்தது. வார லீவில் அதைக் கூட்டிப் பெருக்குவது அப்பாவுக்கு OT. கூடவே போன நான் சுவரில் பந்தடிப்பதைப் பார்த்த பெரிய மேனேஜர் ஒருவர், பழைய ராக்கெட் ஒன்றைக் கொடுத்து, அவர்கள் பிளான்ட்டுக்குப் போன பிறகு கோர்ட்டில் ஆடிக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பந்து?

அவர்கள் ஆடித் தீர்த்துத் தூக்கிப் போட்டவைதான். முடியெல்லாம் போய் மொட்டையாக, காற்று இறங்கி... தரையில் போட்டால் முழங்காலுக்குக்கூட எழும்பாது. அப்பா அரிசிச் சாக்கில் சேர்த்து வைப்பார். அந்தப் பந்தை வலை தாண்டித் தள்ளவே உடம்பு மொத்தத்தையும் போட்டு அடிக்க வேண்டும். அடித்தேன். "எம் பொண்ணு கை இரும்பு மாதிரி கீது" என்று ஷிப்ட் பஸ்ஸில் அப்பா பீற்றிக்கொள்வாராம்.

தன் நாட்டுக்குத் திரும்பும்போது அந்த மேனேஜர் மூன்று பந்து அடைத்த ஒரு புது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் மூடியில் கை வைத்தேன்.

"ஏய் ஏய்... இன்னாத்துக்கு இப்ப பிரிக்கிறே? பழசே சாக்கு நெறைய கீது. நல்ல மேட்ச்சு வரும்போது எடுத்துக்கலாம்."

பீரோவில் அம்மாவின் கூரைப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டில் எல்லாப் புதுசும் அங்கேதான் போகும். சீர் பாத்திரம், கம்பெனி கொடுத்த டின்னர் செட்... எல்லாம் விசேஷத்துக்கு. விசேஷம் வந்தாலும் வெளியே வராது, அது வேறு விஷயம். எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

டோர்னமென்ட் போன இடத்தில் எல்லாம் ஒரே கதை. மேட்ச் தொடங்கும்போது என் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் பறக்கும். போகப் போகச் சரியாகும். அதற்குள் மேட்ச் முடிந்திருக்கும். பதட்டம் என்றார்கள் எல்லோரும். நானும் சாமிக்கு வேண்டிக்கொண்டு, மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்துகொண்டிருந்தேன்... போங்கள்.

கடைசியாக மகாராஷ்டிராவில் ஒரு டோர்னமென்ட். தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிராவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. முதல் ரவுண்டை ஜெயித்தால் என் முதல் ரேங்கிங் பாயின்ட். ஒரே ஒரு பாயின்ட். அதுவும் வராவிட்டால் ராக்கெட்டை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நானே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்திருந்தார்.

முதல் செட் போனது. இரண்டாவது செட்டில் பந்து தேய்ந்து மெதுவானதும் கை என் பேச்சைக் கேட்டது. ஜெயித்துவிட்டேன். "அப்படித்தாம்மா! போடு!" என்று அப்பா எழுந்து நின்று கத்தினார்.

மூன்றாவது செட்டுக்குப் புதுப் பந்து. அம்பயர் டப்பாவைத் திறந்தார்.

புஸ்ஸ்...

நாலு கேம் வரிசையாகப் போனது. அழுகையை அடக்கிக்கொண்டு நாலுக்கு ஐந்து வரை வந்தேன். கடைசிப் பந்து கோட்டுக்கு அரைச் சாண் வெளியே விழுந்தது.

எதிரே ஆடிய பெண்ணின் கோச் சென்னைக்காரர். அருகே வந்து, "பழைய பந்துலயே அடிச்சுப் பழகிட்டியாம்மா? புதுசு வந்தா கை அடங்க மாட்டேங்குது பாரு" என்றார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். அப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ரயில் அரக்கோணத்தை நெருங்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிரிக்க வாணான்னது நாந்தானேம்மா..."

"மூணு பந்துல இன்னாப்பா ஆயிடப் போவுது, வுடு."

மூன்று பந்தில் ஒன்றும் ஆகியிருக்காதுதான். ஆனால் ஒரு வாரம் அதில் அடித்திருந்தால் கோளாறு எங்கே என்று எனக்கே பிடிபட்டிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

இப்போது ஒரகடத்தில் குவாலிட்டி செக்ஷனில் வேலை. வழியில் ஒரு அபார்ட்மென்ட்டில் நல்ல கோர்ட் இருக்கிறது. வெளியே மழைநீர்க் கால்வாயில் இரண்டு நாள்கூட ஆடாத பந்துகள் கிடக்கும். அன்றைக்கு அதில் ஒன்று கிடைத்திருந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். அதுதானே எங்கள் தப்பே.

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். பிரஸ் ஷாப் சத்தத்தில் காது போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவராகவே பீரோவைத் திறந்து அந்த டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"பிரிம்மா. இப்பவாச்சும் பிரி."

இழுத்தேன். சத்தமே வரவில்லை. பூட்டி வைத்த இத்தனை வருடத்தில் காற்று எப்போதோ கசிந்து போயிருந்தது. ஒரு பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். மஞ்சள் கலையாத புதுப் பந்து, பழைய சாக்குப் பந்தைப் போலவே அமுங்கியது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வந்துச்சாம்மா?"

காதருகே குனிந்து, உரக்கச் சொன்னேன்.

"நல்லா வந்துச்சுப்பா."