மண்மேட்டுப் பக்கம் ஒரு காது

கூரைத் தகரத்தில் மழை விழுந்ததும் டிவியை நிறுத்தினேன். மகள் முறைத்தாள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவின் பின்சுவரை ஒட்டி மண்மேடு. அந்தக் காலத்தில் மழை வந்தால் அம்மா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், அந்தச் சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். உதடு அசையாது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்குவேன்.

“வாயத் தொறந்து ஜெபம் பண்ணுங்கம்மா, பயமா இருக்கு.”

“சும்மா இருடி. நான் கத்திக்கிட்டிருந்தா ஆண்டவரு சொல்றது எப்படிக் கேக்கும்?”

ஒரு மாலை சட்டென்று எழுந்து எங்களை வெளியே தள்ளினார். மேடு சரிந்து அடுப்படி மண்ணுக்குள் போனது. ஆண்டவர் சொன்னாராம்.

“அப்படியே தோட்டத்துத் தொரைக்கிட்டயும் நமக்கு வேற வீடு கட்டச் சொல்லியிருக்கலாமே” என்று கத்தினேன்.

இன்றும் அதே காம்பராதான், அதே மேடுதான்.

“என்னம்மா பண்றீங்க?” என்றாள் மகள்.

“செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லு” என்றேன், சுவரோரம் கண்ணை மூடியபடி.