ஓவர் சொல்லும் வீடு

சல்லி என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டு ரவுட்டர் முன்னறை அலுமாரிக்கு மேல், ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. வேறு எங்கே வைத்தாலும் சிக்னல் ஒரு கோடுதான். அங்கே வைத்தும் லண்டனில் இருக்கும் தம்பியின் குரல் மூன்று நான்கு விநாடி பிந்தித்தான் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். பதில் வராது. "கேக்குதோ?" என்று நான் கத்தும்போதுதான் அவன் பதில் வந்து சேரும். சேர்ந்து பேசுவோம், சேர்ந்து நிறுத்துவோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

அப்பா முப்பது வருடம் ஆழ்கடலுக்குப் போனவர். படகு ரேடியோவில் ஒருவர் 'ஓவர்' சொன்ன பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம். அதையே போனுக்கும் சட்டமாக்கிவிட்டார்.

"மகன், இஞ்ச நல்ல மழை. ஓவர்."

"இஞ்ச குளிர் அப்பா. ஓவர்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கதை நடந்தது.

போன மாரியில், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பிக்கு விசா இன்னும் சரிவரவில்லை. "அக்கா, அப்பாவோட ஒருக்காக் கதைக்கவேணும்" என்றான். கடல் தொழில் வேண்டாமென்று அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவன் அவன். மன்னிப்புக் கேட்கத்தான் துடிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் அழைப்பு வந்தது. அன்றைக்கென்று பார்த்து லைன் அவ்வளவு தெளிவு. போனை அப்பாவின் காதோரம் வைத்தேன்.

"மகன்... நீ சுகமா..." என்றார். அதோடு பேச்சு நின்றது.

தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. இந்த நேரத்திலா லைன் போகவேண்டும் என்று திட்டிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். ரவுட்டரில் எல்லாப் பச்சை விளக்குகளும் எரிந்தன. திரும்பி வந்தபோது அப்பாவின் நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை.

"தம்பி, லைன்ல நிக்கிறியா?"

"ஓம் அக்கா. அப்பா இன்னும் ஓவர் சொல்லேல்லை. அதுதான் பேசாமல் இருக்கிறன்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்பாவுக்குக் கதைக்க ஏலாமக் கிடக்கு. அவருக்காக நான் சொல்றன். ஓவர்."

தம்பி அழுதபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். அவன் ஓவர் சொல்லும்வரை போனை அப்பாவின் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.