ஆளை மட்டும் மாற்றிச் சொன்னவர்

நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் எனக்குப் பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். வாசல்படியைக் கண்ணால் பார்க்கிறாரா, காலால் தேடுகிறாரா. என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறாரா, குரல் வந்த பக்கம் பார்த்துச் சொல்கிறாரா. இதையெல்லாம் கவனித்த பிறகுதான் கருவிகளின் மூடியைத் திறப்பேன்.

அந்தமானின் போர்ட் பிளேரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் பார்ப்பதற்கு முன் பார்வையை அளப்பது, கண்ணின் அழுத்தத்தைச் சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, கண்ணாடிக்குப் பவர் கணக்கிடுவது என் வேலை. அத்தாவுக்கு பஜாரில் மளிகைக்கடை. மதுரையில் படிப்பை முடித்துவிட்டு நான் கப்பலில் திரும்பியபோது, என்னை மெயின்லேண்டிலேயே கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று எனக்கு எண்ணம். என் எண்ணம்தான் நடந்தது.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்குச் சோதனை என்றாலே பரீட்சைதான். எழுத்துப் பலகையில் ஓர் எழுத்து தவறினால் முகம் சிவக்கும். கண்ணில் காற்றடித்து அழுத்தம் பார்க்கும் கருவியின் முன்னால், எல்லையில் நின்றவர்கள்கூடத் தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள். தமிழ், ஹிந்தி, பெங்காலி என்று அவரவர் மொழியில் பேசி நான் காரியத்தை முடித்துவிடுவேன். என்னிடம் முறைத்தவர்கள் உண்டு. சோதனை செய்துகொள்ளாமல் போனவர் கிடையாது.

அந்த ஹவில்தார் முதல் தடவை வந்தபோது எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர். இங்கே பணியில் இருந்தபோது இந்த ஊரில் பிறந்த தமிழ்ப் பெண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஓய்வுக்குப் பிறகு புரோத்ராபூரில் தங்கிவிட்டவர். முழங்காலில் பிளேட் வைத்திருந்ததால் வலது காலைக் கொஞ்சம் வீசி நடப்பார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரிப்போர்ட் கொடுப்பதுபோல் சொன்னார்.

"மேடம், சாயங்காலம் எதிர்ல வர்ற வண்டி லைட்டு பூ மாதிரி விரியுது. மத்தியான வெயில்ல ரோடு வெள்ளையா போயிடுது. கிட்டத்துல தராசுல நம்பர் தெரியல."

பார்த்தேன். கடைசி வரிவரை படித்தார். டாக்டரும் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு அருமையான கண் என்று அனுப்பிவைத்தார். அடுத்த மாதம் அதே குறைகளோடு மறுபடியும் வந்தார். இப்போது கூடுதலாக ஒன்று: மேகம் போட்ட நாளில் பரவாயில்லை, வெயில் நாளில்தான் மோசம் என்றார். மறுபடியும் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அது உறுத்தியது. வயதானவர்கள் இல்லாத நோயைச் சொல்வதுண்டு. ஆனால் அப்படிச் சொல்பவர்களின் குறை ஒன்றோடொன்று பொருந்தாது. இவர் சொன்னதோ புத்தகத்தில் படித்ததுபோல் அத்தனை ஒழுங்காகப் பொருந்தியது. லென்ஸின் பின்பக்கத்தில், நட்டநடுவில் புரை படிந்தால் இப்படித்தான் இருக்கும். வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறையும்.

மூன்றாவது முறை வந்தபோது பலகையைக் காட்டவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க வண்டி ஓட்டறீங்களா, ஹவில்தார் சாப்?"

"இல்ல மேடம். இந்தக் காலோட எங்க ஓட்ட?"

"அப்ப எதிர்ல வர்ற லைட்ட எங்கிருந்து பாக்கறீங்க?"

"பின்சீட்ல இருந்து."

"பின்சீட்ல உக்காந்தா முன்னாடி இருக்கறவங்க முதுகுதானே தெரியும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே பாதாம் மரத்தடியில், ஸ்கூட்டியின் மேல் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் வண்டியின் பக்கக் கண்ணாடியில் தொங்கியது. வெயில் படாமல் இருக்கக் கையை நெற்றியில் வைத்திருந்தார்.

"பொய் சொல்லல மேடம்," என்றார் ஹவில்தார். "கம்ப்ளெய்ன்ட் எல்லாம் கரெக்ட். ஆளை மட்டும் மாத்திச் சொன்னேன்."

பிறகு விஷயம் தானாக வந்தது. அவர் மனைவி இட்லி மாவு அரைத்து, கராச்சராமா, டாலிகஞ்ச் கடைகளுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய்ப் போடுகிறார். எங்கள் தீவுகளில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் காலைக்கு மாவு வாங்க ஆட்கள் வருவது அதற்குப் பிறகுதான். ஆகவே அவர் வண்டி ஓடுவது பாதி வெளிச்சத்தில், எதிரே லைட்டுகள் வரும் நேரத்தில். கண் காட்டச் சொன்னால், கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாராம். தன் பெயரில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போனால் மனைவி கண்ணில் விட்டுவிடலாம் என்பது ஹவில்தாரின் திட்டம்.

"சொட்டு மருந்துல இது கரையாது. நான் கூப்பிட்டு வரேன்," என்று எழுந்தேன்.

"அவ வர மாட்டா மேடம்."

"பாப்போம்."

மரத்தடிக்குப் போய் சலாம் சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் பிறந்தவர்களின் தமிழில் ஹிந்தி கலந்திருக்கும்; மகளே என்பதற்கு ‘பேட்டி’ என்பார்கள்.

"என்ன பேட்டி, இவருக்கு இன்னும் கண்ணு சரியாகலியா?"

"அவருக்கு ஒண்ணுமே இல்லம்மா. உங்களுக்குத்தான் பாக்கணும்."

"அரே, எனக்கென்ன? இந்த ரோட்ல எந்தக் குழி எங்க இருக்குன்னு கேளு, கண்ண மூடிக்கிட்டு சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு. கண்ண மூடிக்கிட்டு ஓட்டறீங்களோன்னு."

சிரித்துவிட்டார். நான் விடவில்லை. "உள்ள வந்து எழுத்தப் படிச்சுக் காட்டுங்க. படிச்சுட்டீங்கன்னா, இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"பக்கா?"

"பக்கா."

ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து வந்தார். சோதனை அறையில் எப்போதும் வெளிச்சம் குறைவு. தமிழ்ப் பலகையைப் போட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விறுவிறுவென்று படித்தார். கடைசிக்கு முந்தின வரிவரை வந்தார். மறு கண்ணிலும் அப்படியே. "போதுமா?" என்று கணவர் பக்கம் திரும்பினார். அவர் கதவருகே விறைப்பாக நின்றிருந்தார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன். கைடார்ச்சை எடுத்து, அவர் முகத்துக்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்து எரியவிட்டேன். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஏறக்குறைய அந்தக் கோணத்தில்தான் விழும். "இப்ப படிங்க."

அவர் வாயைத் திறந்தார். எழுத்து வரவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். மேல் வரியில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் எழுத்துகூட அவருக்கு அகப்படவில்லை. இருட்டில் கண்மணி அகலமாக விரிவதால் புரையின் ஓரத்து வழியாகப் பார்த்துச் சமாளித்துவிடுகிறார்; வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கி, நடுவில் உள்ள புரை வழியை மறைத்துவிடுகிறது. இப்படித்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். என் கணிப்பு சரியானதில் எனக்குத் திருப்தியும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அதை வெளியில் காட்டத் தோன்றவில்லை.

"லைட்ட எடு, பேட்டி," என்றார் மெதுவாக.

அணைத்தேன். கணவர் பக்கம் கையைக் காட்டினார்.

"சாயங்காலம் கிளம்பறப்ப இவரும் வருவாரு. வீட்ல போர் அடிக்குதும்பாரு. எதிர்ல வண்டி வந்தா தோளைத் தட்டுவாரு. இடது தோளைத் தட்டினா இடது பக்கம் ஒதுங்குவேன். ரெண்டு கையாலயும் தட்டினா நிறுத்திடுவேன். அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"தெரியும்," என்றார் ஹவில்தார். "அதுக்குத்தான் வர்றேன்."

அந்த அம்மா திரும்பினார். "ஆஸ்பத்திரில வந்து மாசாமாசம் சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா உனக்கு ரோஷம் வரும். என்னை விட்டுட்டுத் தனியா கிளம்பிடுவ. பின்னாடி நான் இல்லன்னா யாரு தட்டுவா?"

அந்த அம்மா ஹெல்மெட்டின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நான் கருவியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த அறையில் எனக்கு வேலை இல்லை.

அன்றைக்கே இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு டாக்டரிடம் காட்டினேன். புரை இரண்டிலும் இருந்தது, வலதில் அதிகம். மெயின்லேண்டுக்குப் போக வேண்டியதில்லை, இங்கேயே ஆபரேஷன் செய்யலாம், படைவீரர் மனைவி என்பதால் எல்லாம் ஹவில்தாரின் மருத்துவ அட்டையிலேயே நடக்கும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்று நான் சொன்னேன்.

"அது எப்படி? ரெண்டு நாள் மாவு போடலன்னா கடைக்காரங்க வேற ஆளப் பாத்துடுவாங்க."

"நான் கொண்டு போறேன்," என்றார் ஹவில்தார்.

"நீங்களா? எதுல?"

"பஸ்ல."

அந்த அம்மா அவர் முழங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீக் ஹை, போங்க," என்று பெருமூச்சு விட்டார்.

சொட்டு மருந்து விட்ட கண்ணோடு அன்று அவரால் ஓட்ட முடியாது. இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். சாவியை என் கையில் கொடுக்கும்போது, "பின் பிரேக் கொஞ்சம் லூஸு, பாத்து," என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்து ஸ்கூட்டியை நானே புரோத்ராபூருக்கு ஓட்டிப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. ஈரச் சாலையில் எதிரே வந்த ஒவ்வொரு லைட்டும் இரண்டாகத் தெரிந்தது. நல்ல கண் உள்ள நானே வழியில் இருந்த இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். இந்த அம்மா இத்தனை நாள் இதில்தான் போய் வந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் ஹவில்தார் நின்றிருந்தார். இரண்டு தோளிலும் பை, அவற்றில் மாவுப் பாக்கெட்டுகள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "முதல் கடைக்குப் போயிட்டு வந்துட்டேன் மேடம். ரெண்டாவது ட்ரிப்," என்றார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "டாலிகஞ்ச் கடையில போன வாரத்துப் பாக்கெட்டு மிச்சம் இருந்தா திருப்பி வாங்கிடுங்க. வித்துடுவான், அவன நம்ப முடியாது."

ஆபரேஷன் தேதி வரும்வரை அந்த மனிதர் அப்படியே பஸ்ஸில் போய் வந்தார். அந்த வழியில் வரும் என் நோயாளிகள் கதை கதையாகச் சொன்னார்கள். கண்டக்டர்கள் அவருக்கு முன் சீட்டைக் கேட்காமலே காலி செய்து கொடுத்தார்களாம். மாவுப் பாக்கெட்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காத கடைக்காரருக்கு நின்ற இடத்திலேயே வகுப்பு எடுத்தாராம். ஒரு கடையும் கைவிட்டுப் போகவில்லை.

வலது கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, கண்ணாடிக்குப் பவர் பார்க்க என்னிடம் வந்தார் அந்த அம்மா. நான் டார்ச்சை எடுத்தேன். "அத மறக்க மாட்டியே நீ," என்றார். பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பிடித்தேன். நிதானமாக, எழுத்து எழுத்தாக, கடைசி வரிவரை வந்தார்.

"வண்டி எப்ப எடுக்கலாம்?"

"டாக்டர் சொல்ற வரைக்கும் பகல்லகூட வேண்டாம். இன்னொரு கண்ணையும் முடிச்சிட்டா எந்த நேரமும் ஓட்டலாம்."

"அப்ப அத சீக்கிரம் முடி."

கண் காட்ட மறுத்தவர் இப்போது தேதி கேட்டு என்னை விரட்டினார். மழைக்காலம் முடிவதற்குள் இடது கண்ணும் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஹவில்தார் ஒருநாள் மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார். அவர் மனைவி பெரார்கஞ்சில் புதிதாக இரண்டு கடை பிடித்திருக்கிறார். ஸ்கூட்டியில் தனியாகத்தான் போகிறார். கராச்சராமாவும் டாலிகஞ்சும் இவர் பொறுப்பு.

"இன்னும் பஸ்லயா? அவங்கதான் வண்டி எடுத்துட்டாங்களே, பின்னாடி உக்காந்து போகலாமே," என்றேன்.

"அய்யோ வேணாம் மேடம்," என்றார். "இப்ப அவளுக்கு நல்லா கண்ணு தெரியுது. ரொம்ப ஸ்பீடாப் போறா."