இங்கிலீஷ் பேசிய பஸ்

போன வாரம் புஞ்சாக் ஆலாமில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை வேலைக்குப் போயிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவள் மகள் தாரணிதான் கதவைத் திறந்தாள். தங்கமான பெண். என் பையை வாங்கி வைத்தாள், காற்றாடியைத் தட்டிவிட்டாள், "பெரியம்மா, டீ வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

பச்சைப் பொய். என் வீடு இருக்கும் பத்தாங் காலியிலிருந்து காலையில் கிளம்பியவள், வழியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் "ஓக்கே" என்று சொல்லிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து, யாரோ தோழியிடம் தடங்கலே இல்லாத இங்கிலீஷில் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் சோபாவில் இருந்தபடி சமையலறைப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எதுவும் கொதிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனவள், தனக்கு மட்டும் டின் பால் ஊற்றிக் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஸ்டெல்லாவின் பிளாஸ்க்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்டெல்லா என்றால் உங்களுக்கு யாரென்று தெரியாது, சொல்கிறேன். அப்போது நாங்கள் அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே, ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், இருந்தோம். அப்பா, அம்மா செம்பனைக் காட்டில் வேலை செய்தார்கள். எங்கள் வயதுப் பெண்கள் எல்லாம் ஷா ஆலாமில் வானொலிப் பெட்டிக்கு உள்பாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் போனோம். விடியும் முன்பே கம்பெனி பஸ் வரும். முகத்தில் பவுடரும் தலையில் எண்ணெயுமாக ஏறுவோம். ஸ்டெல்லா எங்கள் தோட்டத்துக் கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண். டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறப்பாள். பஸ் முழுக்க கோப்பி மணக்கும். மூடியில் ஊற்றி அக்கம்பக்கம் நீட்டுவாள். எல்லாரும் வேண்டாம் என்போம். பிறகு எல்லாரும் குடிப்போம்.

இந்த "வேண்டாம்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்பார்கள். வயிறு கத்திக்கொண்டிருந்தாலும் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அவர்கள் "சும்மா உக்காரு" என்பார்கள். "ஐயோ, வேண்டாங்க்கா" என்று இன்னொரு தரம் இழுக்க வேண்டும். அதற்குள் தட்டு முன்னால் வந்திருக்கும். முதல் தடவையே சரி என்று உட்கார்ந்துவிட்டால், காணாததைக் கண்டவள் என்று பேர் வந்துவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கப் பழகிய மாதிரி அதுவும் பழகிவிட்டது.

பஸ்ஸுக்குத் திரும்புவோம். தொழிற்சாலையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் லைனில் பாக்கியம் அக்கா என்று ஒருவர் இருந்தார். எங்களைவிட மூத்தவர், கல்யாணம் ஆகாதவர், பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றியவர். அந்த வருஷம் தோட்டத்தை விற்கப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. அசாம் ஜாவாவில் மலிவு விலை வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கிக் கடன் வேண்டுமென்றால் நிரந்தர வேலை இருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் ஒப்பந்தக்காரிகள். லைன் லீடர் ஆனால்தான் நிரந்தரம். லைன் லீடர் ஆக இங்கிலீஷில் நேர்காணல். பாக்கியம் அக்காவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் "யெஸ் சார்", "நோ சார்", "மெஷின் ஸ்பாயில் சார்". மூன்றாவதை மட்டும் நல்ல உச்சரிப்போடு சொல்வார்.

"ஸ்டெல்லா, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுலா" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டார்.

ஸ்டெல்லா சொல்லிக்கொடுக்கும் பொறுமை உள்ளவள் அல்ல, சட்டம் போடுகிறவள். வழியில் இருக்கும் ஈஜோக் முச்சந்திக்கும் கம்பெனி வாசலுக்கும் இடையில், போகும்போதும் வரும்போதும், பஸ்ஸில் தமிழ் கிடையாது என்று அறிவித்தாள். வாய் தவறித் தமிழில் பேசினால் எல்லாருடைய சோற்றுப் பையையும் மடியில் அடுக்கிக்கொண்டு வர வேண்டும். பாக்கியம் அக்காவுக்காக நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

முதல் நாள் முச்சந்தி வந்ததும் பஸ் மயான அமைதியாகிவிட்டது. பேச இங்கிலீஷ் இருந்தால்தானே பேசுவதற்கு! ஓட்டுநர் பாக் டின் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்க முடியாமல், யார் செத்துப்போனது என்று மலாயில் கேட்டார். நான் சிரித்து, "யாரும் சாகல, படிக்கிறோம்" என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து சோற்றுப் பைகள் என் மடியில்தான். பெரும்பாலான நாட்கள் சம்பல் வாசனையோடுதான் வேலைக்குப் போனேன்.

நாளாக நாளாக வாய் திறந்தது. பிழை பிழையாகத் திறந்தது. மலாய்க்காரரோடும் சீனரோடும் பழகிய பழக்கத்தில் நாங்கள் விளக்கை "ஓப்பன்" செய்வோம், மின்விசிறியை "க்ளோஸ்" செய்வோம். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள். "கதவத்தான் ஓப்பன் பண்ணலாம், லைட்ட ஓப்பன் பண்ணா உள்ள என்ன இருக்கும்?" என்பாள். உள்ளே வெளிச்சம் இருக்குமே என்று எனக்குத் தோன்றும், சொல்ல மாட்டேன். என் சொந்த அக்கா கூட டவுனுக்குப் போனதை "ஐ ஃபாலோ மை சிஸ்டர்" என்றேன். துப்பறிகிறவள் மாதிரி பின்னாலேயே போனாயா என்று கேட்டாள். சாப்பிட்டாயிற்று என்பதற்கு "ஈட் ஆல்ரெடி" என்றால் போதாது, நடுவில் ஒரு "ஹேவ்" வேண்டும் என்பாள். சாப்பிட்ட பிறகும் அது எதற்கு என்று நான் கேட்டேன். இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு ஓயாது. ஸ்டெல்லா என்னைத் திருத்தினாளா, நான் அவளைக் குழப்பினேனா என்று இன்றைக்கும் சந்தேகம்தான்.

இலக்கணத்தைவிட எனக்கு விளங்காதது ஒன்று இருந்தது. எங்கள் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர், புதிதாக வந்தவர், நல்ல உயரம். எந்த நாடு என்று கடைசிவரை எங்களுக்குள் தகராறு தீரவில்லை. நடையில் எதிரே வந்தால் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பார். ஒருநாள் எனக்குப் பல்வலி. இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று, எந்தப் பல், எப்போதிலிருந்து என்று மனதுக்குள் வாக்கியம் கோத்து வாயைத் திறந்தேன். அவர் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தார். கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே, இது என்ன பழக்கம் என்று பஸ்ஸில் கேட்டேன். தமிழில் கேட்டதற்காக ஸ்டெல்லா சோற்றுப் பைகளை என் மடியில் அடுக்கினாள்.

நேர்காணல் நாள் வந்தது. பாக்கியம் அக்கா வெளிர்நீலச் சட்டை போட்டு, குங்குமத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது முகம் மலர்ந்திருந்தது. அன்றைக்கு மட்டும் ஸ்டெல்லா சட்டத்தைத் தளர்த்தினாள்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. எத்தன வருஷமா இருக்கேன்னு மேனேஜர் கேட்டாரு, சொன்னேன். 'ஹேவ்' எல்லாம் சரியாப் போட்டேன். கடைசில இந்த வேலைய எடுத்துக்கிறியான்னு கேட்டாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"இட்ஸ் ஓக்கே சார், நெவர் மைண்ட்னு சொன்னேன்."

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினோம். எவ்வளவு மரியாதையான பதில்! ஸ்டெல்லா வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்து, "கரெக்ட்" என்று மதிப்பெண்ணும் போட்டாள். பாக்கியம் அக்கா ஜன்னலுக்கு வெளியே, புது வீடுகள் கட்டும் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சில நாட்களில் லைன் லீடர் வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. பாக்கியம் அக்கா அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனார், துணைக்கு நானும் போனேன். ஆள் சேர்ப்புப் பிரிவில் ஒரு தமிழ் அண்ணன் இருந்தார். "என்னக்கா, நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?" என்றார்.

பாக்கியம் அக்காவுக்கு முகம் வெளுத்துப்போனது. "ஒரு தடவைதானே சொன்னேன்!" என்றார்.

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. அழுகையைவிட அதில் ஆச்சரியம்தான் அதிகம். ஒரு மனிதர், அதுவும் படித்தவர், இரண்டாம் தடவை கேட்காமலே எழுந்து போய்விடுவார் என்று அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஈஜோக் சட்டம் யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் தமிழிலேயே கத்தினோம். அந்த ஆள் வளர்ந்த விதம் சரியில்லை என்றாள் ஒருத்தி. சோற்றுக்குத்தான் அப்படிச் சொல்ல வேண்டும், வேலைக்கும் சொல்வாயா என்றாள் இன்னொருத்தி. எனக்குக் கோபத்தைவிட வியப்பாக இருந்தது. இத்தனை மாதம் வார்த்தை வார்த்தையாகத் திருத்திக்கொண்டு வந்தோம். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. பிறகு எங்கே தவறிப்போனோம்? அந்த மொழிக்குப் பின்னால் வேறொரு வீடு இருக்கிறது, அங்கே விருந்தாளி வேறு மாதிரி உட்கார வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்டெல்லா மேனேஜரிடம் சொல்ல ஒரு நீளமான வாக்கியம் தயாரித்துக் கொடுத்தாள். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கக் கூடும் என்ற ரீதியில் அது போகும். பாக்கியம் அக்கா இரண்டு நாள் மனப்பாடம் செய்தார். மேனேஜர் அறைக்குள் நானும் கூடவே போனேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததும் மனப்பாடம் பறந்துவிட்டது. பாக்கியம் அக்கா, "சார், ஆஸ்க் மீ ஒன் மோர் டைம்" என்றார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, எங்கள் வீடுகளில் முதல் தடவை சொல்லும் வேண்டாம் கணக்கில் வராது என்று விளக்கினேன். எத்தனை "ஹேவ்" விட்டுப்போனதோ தெரியாது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நேர்காணலில் கேட்ட மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த வேலை உனக்கு வேண்டுமா என்று கேட்டார்.

பாக்கியம் அக்காவின் வாய் தன்னால் "இட்ஸ் ஓ…" என்று ஆரம்பித்தது. நான் இடுப்பில் கிள்ளினேன்.

"யெஸ்!" என்றார், கிள்ளிய வலியோடு, அறையே அதிர.

பகல் ஷிப்டில் இடம் போனது போனதுதான். அடுத்த மாதம் இரவு ஷிப்டில் ஒரு லைன் கொடுத்தார்கள். வீட்டுக் கடன் கிடைத்தது. பாக்கியம் அக்கா எங்கள் பஸ்ஸில் வருவது நின்றுபோனது. அவர் இல்லாமல் யாருக்காகப் படிப்பது என்று ஈஜோக் சட்டமும் மெல்ல மறைந்துவிட்டது. மேனேஜர் மட்டும் அந்தப் பாடத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. ஓவர்டைம் வேண்டுமா என்று கேட்டு நாங்கள் உடனே "யெஸ் சார்" என்றாலும் விடாமல், நிச்சயமாகத்தானா என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் போவார்.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். தொழிற்சாலையும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஸ்டெல்லா ஆஸ்திரேலியாவில் மகனோடு இருக்கிறாள். பாக்கியம் அக்காவின் அசாம் ஜாவா வீட்டுக்கு நான் எப்போது போனாலும் "தேத்தண்ணி போடவா?" என்று கேட்பார். "வேண்டாங்க்கா" என்பேன். அந்தச் சொல் முடியும் முன்பே அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

தாரணி பேசி முடித்துவிட்டுத் திரும்பினாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, "என்ன பெரியம்மா, டீ வேணுமா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நீங்கதான வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள்.

"ஒரு தடவைதானே சொன்னேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையோடு, நான் ஸ்டெல்லாவிடம் கேட்ட மாதிரியே, "அப்படின்னா எத்தன தடவ கேக்கணும்?" என்று கேட்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக அது ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவம்மா" என்றேன்.