பெரிய ஐபீஸ்

பிஸ்கட் டப்பாவுக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவே, அந்த ஐபீஸ் இருக்கிறது. தொலைநோக்கியில் நாம் கண் வைக்கிற பக்கம் செருகும் வில்லைக்குழல். கையில் எடுத்தால் நல்ல கனம். மட்டாஞ்சேரியின் ஈரக் கடற்காற்றில் எந்தக் கண்ணாடிக்கும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறேன். துடைக்கிற ஒவ்வொரு முறையும் அலுப்பாக இருக்கிறது.

அத்திம்பேருக்காக வாங்கியது அது. என் அக்காவின் கணவர். மாடியில் நான், கீழே அவர்கள். தேவராவில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் முழுத்தாளையும் மறுபடி வரைகிறவர். இல்லாததை இருக்கிறதென்று சொல்லத் தெரியாதவர். ஓய்வு பெற்ற கையோடு ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். சனியின் வளையமெல்லாம் அவருக்கு வேண்டாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசாக, சுற்றிலும் கொஞ்சம் வானத்தோடு, ஒரே பார்வையில் தெரியவேண்டும். அதற்குப் பெருக்கம் குறைந்த, பார்வை அகன்ற ஐபீஸ் தேவை. அதைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் இணையத்தில் நாலு பக்கம் படித்த மேதாவி நான்தானே.

தொலைநோக்கியோடு வந்த இருபத்தைந்து மில்லிமீட்டரில்தான் முதலில் பார்த்தார். "நடுவிலே ஒரு சின்னப் பப்படம் அளவு மாத்ரம் காணறதுடா" என்றார். காக்கநாட்டில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் முப்பத்திரண்டை இரவல் வாங்கி வந்தேன். எண் கூடினால் பெருக்கம் குறையும், வானம் அகலும் என்று விளக்கமும் சொன்னேன். நட்சத்திரங்கள் கூடுதலாக உள்ளே வந்தன. ஆனால் பப்படம் அதே பப்படம்தான் என்றார். வயதானால் கண்மணி முன்போல் விரியாது, வெளிச்சம் வீணாகும் என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். தலையாட்டினார்.

கடைசியாக இந்தப் பெரியது வந்தது. இதன் விளிம்பைப் பார்க்க எனக்குக் கண்ணை உருட்ட வேண்டியிருந்தது, அத்தனை அகலம். அவர் எப்போதும்போல வலது கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு இரண்டு கைவிரல்களையும் வளைத்து, பழைய அளவையே காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பஸ் மாறி, பாலத்து நெரிசலில் நின்றே வந்து மாடியேறியவன். "ஒங்களுக்கு எதுவுமே போறாது அத்திம்பேர்" என்று டப்பாவை மூடினேன். மூன்று ஐபீஸ் மாறியும் பப்படம் ஏன் மாறவில்லை என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த மழைக்காலத்தில், வலப்பக்கம் வந்த ஸ்கூட்டரைக் கவனிக்காமல் தெருவில் இறங்கி விழுந்தார். எர்ணாகுளத்துக் கண் டாக்டர் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். கண்ணில் அழுத்தம் கூடி வலது கண்ணின் ஓரப்பார்வை எப்போதோ போய்விட்டது, போனது திரும்பாது, இடதைச் சொட்டுமருந்தால் காப்பாற்றலாம் என்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுமாம். ஒற்றைக் கண்ணால் எதையாவது பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்திம்பேர் என் பக்கம் திரும்பவில்லை.

"சேச்சே, அப்படி ஒண்ணும் இல்லை டாக்டரே" என்றார்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதற்கு இன்னும் நான் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மற்றக் கண்ணால் பாருங்கள் என்று ஒரு வார்த்தை, மூன்று ஐபீஸ் மாற்றிய அத்தனை நாளில் ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். அந்த வெட்கம் போகவில்லை.

இந்த மார்கழியில் வானம் தெளிந்த ஒரு சாயங்காலம், தொலைநோக்கியை எடுத்து வைக்கும்படி அவரே கேட்டார். நான் பெரியதை எடுத்தேன். அது வேண்டாம், முதலில் வந்ததைப் போடு என்றார். குனிந்தபோது பழக்கதோஷத்தில் வலது கண்தான் முன்னே போயிற்று. நிறுத்தி, முகத்தைத் திருப்பி, இடதை வைத்தார்.

"ஓரம் காணறதுடா" என்றார். "ஆதியிலேயே இது மதியாயிருந்தது."

முதலில் வந்ததே போதுமாக இருந்ததாம். பெரியது என் கையிலேயே இருந்தது. டப்பாவில் வைத்து மூடினேன். அடுத்த மாதமும் எடுத்துத் துடைப்பேன்.