விட்டுப்போன இரண்டு கட்டங்கள்

மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊர் மண்டபத்துக்கு டைல் பதித்தவர் சீதாலெட்சுமி. இருபது வருடமாக முட்டி போட்டே உழைக்கிறவர். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவார். அதற்குப் பிறகுதான் டைலைத் தொடுவார். எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. நான் மண்டபச் செயலாளர், அதிலும் முப்பது வருடம் ஸ்டோர் கணக்குப் பார்த்தவன். என் தலைக்கனத்தைக் கேட்கவா வேண்டும்!

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய வலி இருந்தது. செராஸில் ஒரு வீட்டுக்காரர் சொன்ன எண்ணிக்கையை நம்பி சீதா வேலையில் இறங்கியிருக்கிறார். வாசல் பக்கம் டைல் போதவில்லை, கடையிலும் தீர்ந்துவிட்டது. இரண்டு வரிசை வேறு நிறத்தில் போட வேண்டியதாயிற்று. 'பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்' என்று தெருவே பேசியது. கணக்கு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் மண்டபத்தின் அகலத்துக்கு இருபத்து நாலு டைல், நீளத்துக்கு முப்பத்தாறு. அடுத்த மாதம் என் மகள் விஷ்ணுப்ரியாவின் கல்யாணம் அங்கேதான். நான் ஆசைப்பட்ட கிரீம் நிற டைல் பெட்டாலிங் ஜெயாவில் கௌஸ் பாய் கடையில் மட்டும் இருந்தது, அதுவும் கடைசிச் சரக்கு. மனக்கணக்காகவே போட்டேன்: இருபது முப்பது அறுநூறு, நாலாறு இருபத்து நாலு. ஆக அறுநூற்று இருபத்து நாலு. போனிலும் சொல்லிவிட்டேன். மிச்சத்தை இன்னொருவர் கேட்கிறார், மத்தியானம் வந்து பார்ப்பார் என்றார் பாய்.

"தாராளமா குடுங்க பாய்!" என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த சீதா தரையில் உட்கார்ந்து நீளமாக ஒரு கட்டம் போட்டார். அகலத்தை இருபது, நாலு என்றும் நீளத்தை முப்பது, ஆறு என்றும் பிரித்தார். உள்ளே நாலு கட்டங்கள் வந்தன. பெரியதில் 600, மூலையில் இருந்த சின்னதில் 24 என்று எழுதினார்.

"ஒங்க கணக்கு இதுதானே அண்ணே?"

"ஆமா."

"அப்ப இந்த ரெண்டு கட்டத்துல என்ன, மணலா கொட்டப் போறோம்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. இருபது ஆறு நூற்றிருபது, நாலு முப்பது நூற்றிருபது. இருநூற்று நாற்பது டைல் அங்கே காலியாகக் கிடந்தது.

அதற்குள் சீதா போனை எடுத்துவிட்டார். "பாய், மிச்சத்த யாருக்கும் குடுத்துறாதீங்க லா. மொத்தம் எண்ணூத்தி அறுபத்து நாலு. வெட்டுல வீணாறது, உடைசல் எல்லாம் சேத்து தொள்ளாயிரம் வேணும்."

"கேட்டவங்க வந்துட்டாங்களேம்மா, பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பாய், கணக்கு யார் போட்டாலும் கெட்ட பேரு எனக்குத்தான் வரும்."

"சரிம்மா, அவங்க இன்னும் முடிவு சொல்லல. ஒடனே லோரி அனுப்புங்க" என்றார் பாய். லோரியில் நானே ஏறிப் போனேன். பெட்டி பெட்டியாக எண்ணி ஏற்றினேன்.

கல்யாணத்தன்று தரை முழுக்க ஒரே நிறம். பட்டுச் சேலையில் கணவர் வாசுவோடு வந்த சீதாவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தேன். அவரோ நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"முன்னால வாம்மா!"

"வேணாண்ணே. கணக்குல நீங்க விட்ட எடம் இதுதான். இங்கயே நல்லா இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். தப்பான கணக்கு யாருடையது என்று நானே சொன்னேன், நாலு பேர் காதில் விழும்படி.